இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா?

நோயாளியின் கட்டிலருகே நின்று வைத்தியர் கூறும் சொற்களுள் மிகக் கொடியது, “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்பதாகும். வாழ்ந்து முதிர்ந்த ஒருவரைக் குறித்து அது கூறப்படும்போது, அவர்தம் வாழ்வின் நிறைவை எண்ணிச் சுற்றத்தார் ஒருவாறு மனந்தேறுவர். ஏழு வயதுப் பிள்ளையைக் குறித்துக் கூறப்படும்போதோ, பெற்றோருக்குப் பற்றுக்கோடாக எஞ்சுவது ‘விதி’ என்னும் ஒரு சொல்லே. தலைவனை இழந்தோர் செயலற்று நின்று புலம்பும் புறத்துறைக்கு நம் முன்னோர் கையறுநிலை என்று பெயரிட்டனர். தீராத நோயுற்ற குழந்தையின் முன் மனிதன் உண்மையிலேயே கையற்றவன்தானா? இவ்வினாவுக்கு விடை தத்துவத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பித்த வகுப்பொன்றில் மாணவியொருத்தி இரத்தப் புற்றுநோயுற்றாள். மாதக்கணக்கில் வாங்கில் அவளது இடம் வெறுமையாயிருந்தது. சென்று பார்க்கவேண்டுமென்று ஆசிரியர்கள் பலமுறை பேசிக்கொண்டோம். போய் என்ன சொல்வது என்ற தயக்கத்தால் போகாதிருந்தோம். அவள் இறந்தபின் வரவு இடாப்பில் அவள் பெயரின்மேல் கோடிட்டோம். கீழ்வகுப்பிற் படித்த அவள் தம்பி ஒருநாள் வந்து, “அக்காவின்ர பேர் இன்னும் இடாப்பில இருக்கா, சேர்?” என்று கேட்டான். “போய்ப் படி தம்பி” என்றோம். அந்த மறுமொழியை நினைக்க இன்றும் நாணமாயிருக்கிறது. இக்கட்டுரைக்கு வேண்டிய நூல்களைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது அந்த நாணமே.

சாகும் குழந்தையின் துன்பம் முழுவதையும் நோயே விளைப்பதில்லை. நோய் விளைப்பது ஒரு பங்கு. மனிதர் வகுத்த ஒழுங்குகளும், அவர்தம் அறியாமையும், சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வும் விளைப்பது மற்றொரு பங்கு. பின்னைய பங்கை மனிதர் எவ்வாறு இனங்கண்டு படிப்படியாகக் குறைத்தனர் என்பதை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம். அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்கள் பல இங்கிலாந்தில் நிகழ்ந்தவை. ஆதலால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பூட்டிய கதவு

இலண்டன் மாநகரில், கிரேட் ஓர்மண்ட் வீதியில், குழந்தைகளுக்கெனத் தனி வைத்தியசாலையொன்று 1852ஆம் ஆண்டு பத்துக் கட்டில்களுடன் திறக்கப்பட்டது. கைத்தொழிற் புரட்சியின் நெரிசலிற் குழந்தை மரணம் அன்றாட நிகழ்ச்சியாயிருந்த காலம் அது. செல்வர் வீட்டுப் பிள்ளை நோயுற்றால் வைத்தியர் வீடுதேடி வருவார். அப்பிள்ளை தாயின் மடியிலே பிழைக்கும், அன்றேல் தாயின் மடியிலே இறக்கும். வைத்தியசாலைக் கட்டில் ஏழையின் பிள்ளைக்கே உரியதாயிருந்தது. ஆகவே வைத்தியசாலைகளின் ஒழுங்குகளும் ஏழைப் பெற்றோரை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பார்வையாளரால் தொற்றுநோய் பரவும் என்ற அச்சம் தொடக்கத்தில் நியாயமானதே. ஆயின் அச்சம் தணிந்த பின்னரும் ஒழுங்கு நிலைத்துவிட்டது. அதற்குப் புதியதொரு நியாயமும் கற்பிக்கப்பட்டது. தாய் வந்து திரும்பினாற் பிள்ளை அழுகிறது. வராதுவிட்டாற் சில நாளில் அடங்கிவிடுகிறது. ஆதலால் தாய் வராதிருப்பதே பிள்ளைக்கு நன்று! 1949ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியசாலைகளின் பார்வை நேரங்கள் தொகுக்கப்பட்டபோது வெளிப்பட்ட நிலை இது: ஒன்றில் ஞாயிறுதோறும் இரண்டு மணித்தியாலம் மாத்திரம், மற்றொன்றில் முதல் மாதம் முழுவதும் பெற்றோர் தம் பிள்ளையுடன் பேசலாகாது, மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்குமிடையே உறங்கும் பிள்ளையைப் பார்த்துச் செல்லலாம், இன்னொன்றில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடுப்பினூடாகவே காணலாம். பிழைத்து வீடு திரும்பும் பிள்ளைக்கு இது சில வாரத் துயர். திரும்பாத பிள்ளைக்கோ, வாழ்வின் இறுதி நாட்களே இவ்வாறு கழிந்தன.

இக்கதவைத் தட்டியவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் ரொபேட்சன். போர்க்காலத்தில் அனா பிராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்திற் கொதிகலன் பார்க்கும் பணியாளராகச் சேர்ந்தவர் அவர். பின்னர் உளநல சமூக ஊழியராகப் பயின்று, ஜோன் பௌல்பி என்னும் உளவியலறிஞருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். வைத்தியசாலைகளிற் பிள்ளைகள் ‘அடங்குவதை’ அவர் உற்றுநோக்கினார். முதலில் அழுது எதிர்க்கும் பிள்ளை, பின்னர் நம்பிக்கையிழந்து சோர்கிறது. இறுதியில் தாயையே வேண்டாததுபோல் ஒதுங்கிவிடுகிறது. தாதியர் நற்பழக்கம் என்று மகிழ்ந்தது உண்மையில் மனமுறிவு என்று அவர் கண்டார். சொல்லி நம்புவார் இல்லாமையால், எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியொருத்தியைக் கைக்கமராவாற் படம்பிடித்து, 1952ஆம் ஆண்டு மருத்துவப் பெருமக்கள் முன் திரையிட்டார். சபையினர் சினந்தனர், இப்பிள்ளை பொதுவியல்புக்குப் புறம்பானவள் என்றனர். அரச குழுவொன்று, சேர் ஹரி பிளாட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரின் தலைமையில் ஆராய்ந்து, பெற்றோர் தடையின்றி வந்துபோக இடமளிக்கவேண்டுமென 1959இல் அறிக்கை விடுத்தது. அறிக்கை ஏட்டிலே உறங்கலாயிற்று. 1961ஆம் ஆண்டு இலண்டன் பட்டர்சீப் பகுதித் தாய்மார் சிலர் ஒன்றுகூடி இயக்கம் அமைத்து, வைத்தியசாலை தோறும் அதனை நினைவூட்டலாயினர். அறிக்கைகள் வழியைக் காட்டும். மக்கள் இயக்கமே கதவைத் திறக்கும்.

நம்பப்படாத நோ

கதவு திறந்தபின் வெளிப்பட்ட இரண்டாவது கொடுமை நோவைப் பற்றியது. சிசுவின் நரம்புகள் முதிராதவை, ஆதலால் அது நோவை வளர்ந்தோர்போல் உணர்வதில்லை என்பது நெடுங்கால வைத்திய நம்பிக்கை. மயக்க மருந்தால் உயிராபத்து நேருமென்ற அச்சமும் இதனுடன் சேர்ந்துகொண்டது. விளைவு யாதெனில், 1980களிற்கூட, குறைமாதச் சிசுக்கள் பல, தசைகளை அசையாது நிறுத்தும் மருந்துடன் மாத்திரம், அல்லது அதனோடு மிக மெல்லிய மயக்கத்துடன் மாத்திரம், சத்திரசிகிச்சைக்கு உள்ளாயின. அசைய இயலாத சிசு அழவும் இயலாது. அழாமையால் நோவில்லை என்று கொள்ளப்பட்டது. 1985இல் அமெரிக்காவில் அவ்வாறு இருதய சத்திரசிகிச்சை செய்யப்பட்டுச் சில வாரங்களின்பின் இறந்த குறைமாதக் குழந்தையொன்றின் தாய், நிகழ்ந்ததை அறிந்து, மறைக்காமல் உலகறியச் செய்தார். இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் நகரில் இளம் வைத்தியர் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடன் உழைத்தோரும் செய்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. தக்க நோநிவாரணி பெற்ற சிசுக்களின் உடல் அதிர்ச்சி குறைவாயும், பின்விளைவுகள் குறைவாயும் இருந்தமையை அது நிறுவியது. ஒரு தாயின் துயரும் ஒரு வைத்தியரின் அளவீடும் ஒரே திசையிற் சென்றபோது, தலைமுறை தலைமுறையாக நிலைத்த நம்பிக்கை தகர்ந்தது.

பிள்ளை அறிந்த உண்மை

மூன்றாவது துன்பம் மௌனத்தின் விளைவு. இரத்தப் புற்றுநோய் முன்பு பிள்ளைகளைச் சில வாரங்களில் அல்லது மாதங்களிற் கொன்றுவந்தது. 1948ஆம் ஆண்டு பொஸ்டன் நகர வைத்தியர் சிட்னி பார்பர், மருந்தினால் அந்நோய் தற்காலிகமாகத் தணிவதை எடுத்துக்காட்டினார். இன்று அந்நோயுற்ற பிள்ளைகளுள் பெரும்பாலாரைச் செல்வ நாடுகளிற் பிழைக்கவைக்கும் சிகிச்சை அப்பாதையிலேயே வளர்ந்தது. ஆனால் இடைக்காலத்திற் புதியதொரு நிலை தோன்றியது: நோய் தணிந்தும் திரும்பியும் மாதங்களாக, ஆண்டுகளாக மரணத்தை எதிர்நோக்கி வாழும் பிள்ளைகள். அவர்களிடம் எதுவும் சொல்லலாகாது என்பதே பெரும்பாலோர் கொள்கை. பிள்ளைக்கு மரணம் விளங்காது, விளங்கினால் மனமுடையும் என்றனர்.

அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபொண்ட்–லாங்னர், வைத்தியசாலை விடுதியொன்றில் மூன்று முதல் ஒன்பது வயதுவரையான பிள்ளைகளுடன் நெடுநாள் பழகி, 1978இல் நூலொன்றை வெளியிட்டார். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தம் நிலையை அறிந்திருந்தனர் என்பது அவர் கண்ட உண்மை. மருந்துகளின் பெயர்களிலிருந்தும், பெரியோர் குரல் தாழ்வதிலிருந்தும், அடுத்த கட்டிற் பிள்ளை திரும்பிவராததிலிருந்தும் படிப்படியாக அறிந்தனர். அறிந்தும் மறைத்தனர். எதற்காக? பெற்றோர் தம்மைவிட்டு விலகாதிருக்கவேண்டும் என்பதற்காக. தாய் பிள்ளையைக் காப்பதாக எண்ணி நடித்தாள். பிள்ளை தாயைக் காப்பதற்காக நடித்தது. ஒரே கட்டிலில் இருவரும் தனித்திருந்தனர். ஐந்து வயதுப் பிள்ளையின் தோளில் இத்தகைய பாரத்தை ஏற்றிவிட்டு, அதனை அன்பு என்று நாம் பெயரிட்டு வந்திருக்கிறோம்!

ஹெலன் இல்லம்

தீராத நோயாளர் பராமரிப்பைத் தனித்துறையாக வளர்த்த பெருமை சிசிலி சோண்டர்ஸ் அம்மையாருக்கு உரியது. தாதியாகவும், வைத்தியசாலைச் சமூக ஊழியராகவும் பணியாற்றியபின், தம் முப்பத்தொன்பதாவது வயதில், 1957இல், வைத்தியரானவர் அவர். நோயாளி நோவால் துடித்துக் கேட்கும்வரை காத்திராது, நோ திரும்புமுன்பே மோர்பினை உரிய அளவில் நேரந்தவறாது கொடுக்கவேண்டும் என்பதை வற்புறுத்தினார். உடலின் நோவுடன் மனத்தின் அச்சமும், குடும்பத்தின் கவலையும், பணமுடையும், வாழ்வின் பொருள்பற்றிய கலக்கமும் சேர்ந்ததே முழு நோ என்றார். 1967ஆம் ஆண்டு இலண்டனில் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம் உலகுக்கு வழிகாட்டியாயிற்று. ஆனால் அவ்வழி முதியோரை, குறிப்பாகப் புற்றுநோயாளரை நோக்கியே அமைந்திருந்தது.

குழந்தைகளுக்கான இல்லம் ஒரு நட்பிலிருந்து பிறந்தது. 1978இல் ஹெலன் என்னும் இரண்டு வயதுச் சிறுமிக்கு மூளைக்கட்டி அகற்றப்பட்டது. உயிர் பிழைத்தாலும் அவள் தன்னால் எதுவும் செய்யவியலாத நிலையை அடைந்தாள். பெற்றோர் அவளை வீட்டுக்குக் கொண்டுசென்று இரவுபகலாகப் பராமரித்தனர். கிரேட் ஓர்மண்ட் வீதி வைத்தியசாலையிற் பயின்ற தாதியும், ஒக்ஸ்போட் நகர அங்கிலிக்கன் கன்னியர் மடமொன்றின் தலைவியுமான சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா அக்குடும்பத்தின் நண்பரானார். சிறிது காலத்தின்பின், பெற்றோர் சில நாள் உறங்கி எழட்டும் என்று கருதி, ஹெலனைத் தம்மிடம் விட்டுச்செல்லுமாறு கேட்டார். அந்தச் சில நாள் உறக்கம் எத்துணை பெரிய உதவி என்பது பெற்றோருக்கே தெரியும். தம்மைப் போன்ற ஏனையோருக்கும் இது கிட்டவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1982 நவம்பரில் உலகின் முதலாவது குழந்தைகள் நோய்தணிப்பு இல்லம், ‘ஹெலன் இல்லம்’ என்னும் பெயருடன், ஒக்ஸ்போட்டில் திறக்கப்பட்டது.

எட்டுப் பிள்ளைகளுக்கே அங்கு இடம் உண்டு. வேண்டுமென்றே அது சிறியதாக, வீடு போன்று அமைக்கப்பட்டது. பெற்றோரும் உடன்பிறந்தாரும் தங்கலாம். பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் தாய் விரும்பினால் அவள் கையாலே நடக்கும்; அவள் களைத்திருந்தால் மற்றவர் செய்வர். ஹெலனைப்போலவே, வந்த பிள்ளைகளுட் பலர் சில நாட்களில் இறக்கவிருந்தோர் அல்லர். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நலியும் நரம்பு, தசை நோய்களை உடையவர்கள். ஆகவே, சாவதற்கான இடமாக அன்றி, பிள்ளைகள் வாழ்வதற்கும் குடும்பங்கள் இளைப்பாறுவதற்குமான இடமாகவே அது பெரிதும் பயன்பட்டது. அங்கு ‘சின்ன அறை’ என்று ஓர் அறை உண்டு. குளிரூட்டப்பட்ட அவ்வறையில், இறந்த பிள்ளையின் உடலை இறுதிச் சடங்குவரை தன் கட்டிலிலேயே வைத்திருக்கலாம். தாய் விரும்பிய போதெல்லாம் அருகிருக்கலாம். 1949ஆம் ஆண்டின் அந்தத் தடுப்பை நினைவுகூர்வோர்க்கு இச்சிறிய அறையின் வரலாற்றுப் பெறுமதி விளங்கும்.

எஞ்சியிருப்போர்

பிள்ளை இறந்ததும் வைத்தியசாலையின் பணி முடிந்துவிடுகிறது. குடும்பத்தின் துயரோ அப்போதுதான் தொடங்குகிறது. 1968ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொவென்றி நகர வைத்தியசாலையொன்றில் இரு சிறுவர் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அங்கு உதவிக் குருவாயிருந்த சைமன் ஸ்டீபன்ஸ், தம் ஆறுதல் மொழிகளைவிட அவ்விரு பெற்றோர் ஒருவருக்கொருவர் அளித்த ஆறுதலே ஆழமானது என்பதைக் கண்டார். மறு ஆண்டில், பிள்ளையை இழந்த பெற்றோரின் சங்கமொன்று அங்கு உருவாயிற்று. இன்று அது பல நாடுகளிற் கிளைத்துள்ளது. செத்த வீட்டில் தோள் தழுவி ஒப்பாரி சொல்லும் நம் கிராமப் பெண்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. ஆயினும் எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடிந்தபின், ஊர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியபின், அத்தாய் எங்கே போவாள்? பிள்ளையின் பெயரைச் சொன்னால் அவள் அழுவாள் என்று அஞ்சி, பெயரையே சொல்லாது விடுகிறோம். பெயர் மறக்கப்பட்டது என்ற துயரும் அவளுக்குச் சேர்கிறது.

உடன்பிறந்த பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். வீட்டின் கவனம் முழுவதும் நோயாளிப் பிள்ளைமேற் சென்ற காலத்தில் அவர்கள் ஓரத்தில் நின்றனர். மரணத்தின்பின் பெற்றோரின் துயருக்குப் பின்னால் நிற்கின்றனர். தான் ஒருநாட் கோபித்ததால்தான் அக்கா இறந்தாளோ என்று சிறு பிள்ளை எண்ணுவதுண்டு. அதைக் கேட்டுத் தெளிவிக்க ஒருவர் வேண்டும். பெற்றோருக்கு அடுத்தபடியாக அப்பிள்ளையை நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே.

மருந்தும் மனிதநீதியும்

இவ்வாறு தனித்தனியே கற்ற பாடங்களைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனம் 1998இல் குழந்தைகளுக்கான நோய்தணிப்புப் பராமரிப்பை வரையறுத்தது. பிள்ளையின் உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றுக்குமான முழுமையான பராமரிப்பும் குடும்பத்துக்கான ஆதரவும் அதுவாகும். நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அது தொடங்கும். நோயைத் தீர்க்கும் சிகிச்சை நடப்பினும் நடவாதுவிடினும் தொடரும். ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்ற கூற்று அத்துடன் விஞ்ஞான நோக்கிலும் பொய்யாயிற்று.

ஏட்டளவில் வென்ற உண்மை உலகத்தை வென்றுவிடவில்லை. லான்செட் என்னும் மருத்துவ ஏடு அமைத்த ஆணைக்குழு 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகள் தணிக்கப்படக்கூடிய கடுந்துன்பத்துடன் இறக்கின்றனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டோர் வளர்முக நாடுகளின் பிள்ளைகள். உலகில் ஓராண்டு விநியோகிக்கப்படும் மோர்பின் வகை மருந்துகள் 298.5 தொன், மிக வறிய நாடுகளுக்குச் செல்வது 0.1 தொன். அந்நாடுகளிற் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரின் கடுநோவையும் தணிக்க வேண்டிய மருந்துக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் போதும் என்றும் அவ்வாணைக்குழு கணித்தது. இத்தொகை உலகச் செல்வத்தில் ஒரு தூசியளவும் இல்லை. இதை விதி என்று எவ்வாறு அழைப்பது?

பணம் மாத்திரம் தடையன்று, சட்டமும் தடையாயிருந்தது. அரச அனுமதியுடன் அபின் பயிரிட்டு ஏற்றுமதி செய்த இந்தியாவில், 1985இன் போதைப்பொருட் சட்டத்தின்பின், அந்நாட்டு நோயாளருக்கே மோர்பின் கிட்டாது போயிற்று. அச்சட்டம் 2014இலேயே திருத்தப்பட்டது. இதற்கிடையில், கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர் எம்.ஆர். இராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய சிறு சிகிச்சை நிலையம், கேரளமெங்கும் அயலவர் தொண்டால் இயங்கும் பராமரிப்பு முறையாக வளர வித்திட்டது. அதே 1993இல் உகண்டாவில் வைத்தியர் ஆன் மெரிமன் அம்மையார், மோர்பின் தூளை நீரிற் கரைத்து மலிவான பருகுமருந்தாக வழங்கத் தொடங்கினார். வைத்தியர் பற்றாத அந்நாட்டில், பயிற்சி பெற்ற தாதியரும் அம்மருந்தை விதிக்கும் உரிமையை 2004இற் பெற்றனர். செல்வம் இல்லாத இடத்திலும் மனமும் ஒழுங்கமைப்பும் இருந்தால் நோவைத் தணிக்கலாம் என்பதற்கு இவை சான்று. மறுபுறத்தில், செல்வமுள்ள இங்கிலாந்திலேயே, ஹெலன் இல்லத்தின் அயலில் இளைஞருக்கென 2004இல் திறக்கப்பட்ட டக்ளஸ் இல்லம் பணமுடையால் 2018இல் மூடப்பட்டது. தர்மத்தை நம்பி நிற்கும் உரிமை, தர்மம் வற்றும்போது வற்றிவிடும்.

நம் நாட்டிலும் நோய்தணிப்புப் பராமரிப்புக்கென 2019ஆம் ஆண்டுமுதல் 2023ஆம் ஆண்டுவரைக்கான தேசியத் திட்டவரைவொன்று உருவாக்கப்பட்டது. திட்டம் எழுதப்பட்டமை வரவேற்கத்தக்கதே. பிளாட் அறிக்கைக்கு நேர்ந்ததை அறிந்தோர் அத்துடன் அமைதியடையார். வைத்தியசாலைக் கதவு திறந்திருந்தால் மாத்திரம் போதாது. தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு உழைக்கும் தாய், கொழும்பில் நோயுற்ற பிள்ளையருகே ஒரு மாதம் தங்கினால், வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? வன்னியிலிருந்து வரும் தந்தைக்குப் பேருந்துக் கட்டணம் எங்கிருந்து வரும்? பிள்ளைக்கு எங்கே நோகிறது என்பதைத் தன் தாய்மொழியிற் சொல்லவும், மறுமொழியைத் தன் தாய்மொழியிற் கேட்கவும் வழியில்லாத தாய்க்குத் திறந்த கதவும் பூட்டிய கதவே. கூலியிழப்புக்கு ஈடு, தங்குமிடம், மொழி, ஊர்தோறும் சென்று பார்க்கும் தாதி, மாவட்ட வைத்தியசாலையில் மோர்பின் ஆகிய இவை கருணையாளர் இடும் பிச்சையல்ல, பிள்ளைகளின் உரிமைகள்.

நாம் ஆராய்ந்த வரலாற்றில் மாற்றத்தைத் தொடங்கியவர் யாவர்? கொதிகலன் பார்த்த பணியாளர், பட்டர்சீத் தாய்மார், சிசுவை இழந்த ஒரு தாய், பிள்ளைகளின் பேச்சைப் பொறுமையுடன் கேட்ட ஆராய்ச்சியாளர், களைத்த பெற்றோரைக் கண்ட ஒரு தாதி. பெரும் பதவியாளர் பின்னரே வந்தனர். மரணத்தை அவர்கள் வெல்லவில்லை. மரணத்துடன் மனிதர் சேர்த்துவைத்த கொடுமைகளை ஒவ்வொன்றாக அகற்றினர். அப்பணி முடியவில்லை, அதில் நமக்கும் பங்குண்டு. நோயுற்ற பிள்ளைக்கு வகுப்பு முழுவதும் கடிதம் எழுதலாம். பாடத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று சொல்லிக்கொடுக்கலாம். இறந்த பிள்ளையின் பெயரைத் தாயின் முன் அஞ்சாது சொல்லலாம். உரிமைகளைக் கேட்டு ஒன்றுதிரண்டு குரலெழுப்பலாம்.

தம்பியின் கேள்விக்கு இன்று நாம் விடை சொல்வதானால் இவ்வாறு சொல்வோம்: “ஓம் தம்பி, பேர் இருக்கு. கோடு போட்டிருக்கு, ஆனால் வாசிக்கலாம். வா, இருந்து அக்காவைப் பற்றிச் சொல்லு.”